தென்னாப்பிரிக்காவில் வருட லீவும் பொது விடுமுறையும்: எண்ணிப் பார்த்துக் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் நடுவில் டர்பன் பக்கத்துத் தொழிற்சாலைகள் பலவும் கதவைச் சாத்திவிடும். ஜனவரியில் திரும்பி வந்து சம்பளச் சீட்டைப் பார்த்தால் லீவுக் கணக்கில் மிச்சம் இருப்பது இரண்டோ மூன்றோ நாள். அப்புறம் தைப்பூசக் காவடி, ஏப்ரலில் புத்தாண்டு, அக்டோபரிலோ நவம்பரிலோ தீபாவளி என்று வரிசையாக வரும். இவற்றில் ஒன்றுகூட இந்த நாட்டின் பொது விடுமுறைப் பட்டியலில் இல்லை.

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வேலைக்கு வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஊரில் பழகிய கணக்கு இங்கே ஒத்துவராது. கேஷுவல் லீவு என்று தனியாக ஒன்று இந்தச் சட்டத்தில் கிடையாது. எடுக்காத லீவை வருடக் கடைசியில் காசாக்கிக்கொள்ளவும் முடியாது. டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆனால் பொது விடுமுறையில் வேலை செய்தால் எவ்வளவு வர வேண்டும், வேலையை விடும்போது எவ்வளவு வர வேண்டும் என்று கேட்டால் அவர்களும் கொஞ்சம் தடுமாறுவார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை நாள் லீவு என்பது உங்கள் உரிமை. அதில் முதலாளி கைவைக்க முடியாது. எப்போது எடுப்பது என்பது இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டியது. பேச்சு முறிந்தால் கடைசி வார்த்தை முதலாளியுடையது. பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, தேதிக்காக மல்லுக்கட்டுவார்கள். நாட்கணக்கில் இரண்டு நாள் காணாமல் போனதைக் கவனிக்கவே மாட்டார்கள்.

படி 1: எந்தச் சட்டம் உங்களுக்கு?

அடிப்படை, 1997-ஆம் ஆண்டின் 75-ஆம் எண் சட்டம். வேலைவாய்ப்பின் அடிப்படை நிபந்தனைகள் சட்டம் என்று சொல்லலாம். ஆபீஸில் எல்லோரும் பி.சி.இ.ஏ. என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். எந்தெந்த நாள் பொது விடுமுறை என்பதைச் சொல்வது 1994-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் பொது விடுமுறைச் சட்டம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகும்.

ஒரே முதலாளியிடம் மாதத்துக்கு 24 மணி நேரத்துக்கும் குறைவாக வேலை செய்பவருக்கு பி.சி.இ.ஏ.-யின் லீவு விதிகள் பொருந்தாது. மேல்மட்ட மேலாளர்களுக்கும், தன் நேரத்தைத் தானே வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் இடங்களுக்குப் போய் விற்கும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் பொது விடுமுறைச் சம்பள விதி பொருந்தாது, ஆனால் வருட லீவு உண்டு. ராணுவம், அரசின் உளவுத் துறை, தொண்டு நிறுவனங்களில் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள் ஆகியோர் இந்தச் சட்டத்துக்கே வெளியே.

ஆடைத் தொழில் போன்ற துறைகளில் பார்கெய்னிங் கவுன்சில் (அந்தத் துறையின் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து பேசும் அமைப்பு) ஒப்பந்தம் இருக்கும். வீட்டு வேலை, கடை, ஹோட்டல், பண்ணை ஆகியவற்றுக்குத் தனித் துறை ஆணைகள் உண்டு. உங்கள் துறைக்கு அப்படி ஒன்று இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். பார்கெய்னிங் கவுன்சில் ஒப்பந்தம்கூட வருட லீவை இரண்டு வாரத்துக்குக் கீழே இறக்க முடியாது. நீங்களும் முதலாளியும் தனியாகப் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் சட்டத்தைவிட அதிகமாகத் தரலாம், குறைவாகத் தரக் கூடாது. “பத்து நாள்தான், சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேனே” என்று சிலர் தலைகுனிந்து சொல்வார்கள். அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

விசா பயமும் இங்கே ஒரு காரணம். பர்மிட் காலாவதியாகிவிட்டால் எந்த உரிமையும் இல்லை என்று மிரட்டுவார்கள். முறையான பர்மிட் இல்லாதவரும் தொழிலாளர் சட்டத்தின் பார்வையில் தொழிலாளிதான் என்று 2008-லேயே தொழில் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. குடிவரவுத் தொல்லை தனி, லீவுப் பணம் தனி.

படி 2: உங்கள் லீவு வருடம் எப்போது தொடங்குகிறது?

ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சட்டப்படி, நீங்கள் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 12 மாதம் ஒரு சுற்று. 2025 மார்ச் 1-ல் சேர்ந்தவருக்கு முதல் சுற்று 2026 பிப்ரவரி 28-ல் முடியும். சில கம்பெனிகள் வசதிக்காக எல்லோருக்கும் ஒரே தேதி வைத்துக்கொள்வார்கள். உங்கள் நாட்கள் குறையாத வரை அதில் தவறில்லை.

இந்தத் தேதி ஏன் முக்கியம்? சுற்று முடிந்து ஆறு மாதத்துக்குள் அந்தச் சுற்றின் லீவை முதலாளி கொடுத்தே ஆக வேண்டும். மேலே சொன்னவருக்குக் கெடு 2026 ஆகஸ்ட் 31. தேதியைப் போனில் குறித்து வையுங்கள்.

படி 3: நாட்களை எண்ணுதல்

சட்டம் சொல்வது தொடர்ச்சியான 21 நாள், முழுச் சம்பளத்துடன். இதைப் படித்துவிட்டு “எனக்கு 21 நாள் வர வேண்டும், 15 தான் தருகிறார்கள்” என்று எச்.ஆர்.-இடம் போய் நிற்காதீர்கள். அந்த 21-இல் சனி ஞாயிறும் அடக்கம். மூன்று வாரம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு 15 வேலை நாள், ஆறு நாள் செய்பவருக்கு 18. மாதக் கணக்கில் பார்த்தால் முறையே 1.25-ம் 1.5-ம்.

நேரம் மாறி மாறி வேலை செய்பவர்களுக்கு வேறு வழி உண்டு. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால், 17 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு, அல்லது 17 மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம். உணவகம், கடை, பகுதி நேர வேலைகளில் இதுதான் நியாயமாக வரும். சம்பளத்தோடு வீட்டில் இருந்த நாட்களும் இந்த 17-இல் சேரும்.

சேர்த்த லீவைத் தொடர்ச்சியாக எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. தங்கை கல்யாணத்துக்கு மதுரைக்குப் போக மூன்று வாரம் சேர்ந்தாற்போல் வேண்டும் என்றால், “இரண்டிரண்டு நாளாகத்தான் தருவோம்” என்று சொல்ல முடியாது. எந்த மூன்று வாரம் என்பதில் மட்டும் பேரம் பேசலாம்.

லீவு நாட்களுக்கு நடுவே பொது விடுமுறை வந்தால் அந்த நாள் லீவில் கழியக் கூடாது. 2026 ஏப்ரல் கடைசியைப் பாருங்கள். ஏப்ரல் 27 திங்கள், சுதந்திர தினம். மே 1 வெள்ளி, தொழிலாளர் தினம். ஏப்ரல் 20 முதல் மே 1 வரை லீவு போட்டால் வார நாட்கள் 10, கழிய வேண்டியது 8 மட்டும். முன்னும் பின்னும் சனி ஞாயிறைச் சேர்த்தால் 16 நாள் கையில்.

டிசம்பர் மூடலில்தான் இந்தக் கணக்கு அதிகம் தப்பும். 2026 டிசம்பர் 14 திங்களன்று கதவைச் சாத்தி 2027 ஜனவரி 4 திங்களன்று திறக்கும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். இடையில் வார நாட்கள் 15. அதில் டிசம்பர் 16 புதன், 25 வெள்ளி, ஜனவரி 1 வெள்ளி ஆகிய மூன்றும் பொது விடுமுறை. 26-ஆம் தேதி சனிக்கிழமை, அது இந்தக் கணக்கில் வராது. ஆக லீவிலிருந்து கழிய வேண்டியது 12. சம்பளச் சீட்டில் 15 கழிந்திருந்தால் மூன்று நாளைக் கேட்டு வாங்குங்கள். சம்பளம் போடும் மென்பொருளில் விடுமுறைப் பட்டியலை யாரும் ஏற்றாமல் விட்டிருப்பார்கள். பெரும்பாலும் வஞ்சம் இருக்காது, சோம்பல்தான்.

மூடும்போது உங்கள் லீவையே எடுக்கச் சொல்வது சட்டப்படி செல்லும், ஏனென்றால் “எப்போது” என்பதில் உடன்பாடு இல்லையென்றால் முதலாளி முடிவு செய்யலாம். எனக்கு இது பிடிக்காது. ஆனால் இருப்பது அதுதான். சேர்ந்து நான்கைந்து மாதமே ஆனவருக்கு அந்த 12 நாளுக்கு லீவு போதாது, மீதிக்குச் சம்பளமில்லா லீவு என்பார்கள். ஆகவே வேலையில் சேரும்போதே “டிசம்பரில் மூடுவீர்களா, எத்தனை நாள், லீவு போதாவிட்டால் என்ன செய்வீர்கள்” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: லீவு கேட்டு எழுதுவது

வாய்ச்சொல் வேண்டாம். லீவு பாரம், ஈமெயில், குறைந்தபட்சம் வாட்ஸாப். முதல் நாள், கடைசி நாள், இடையில் வரும் பொது விடுமுறை, ஆகக் கழிய வேண்டிய வேலை நாள் என நான்கையும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து அதே செய்திக்குக் கீழே மறுபடி கேளுங்கள். விமான டிக்கெட்டை அனுமதி கைக்கு வந்த பிறகு எடுங்கள். டிக்கெட் எடுத்துவிட்டேன் என்பதால் லீவு தர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

லீவில் இருக்கும்போது வேலை வாங்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. “ஒரு சின்ன ரிப்போர்ட் மட்டும்” என்று ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டிலிருந்து மதுரைக்கு வரும் போன் இதில் அடங்கும். எடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம், ஆனால் எடுத்து அரை நாள் வேலை செய்தால் அந்த நாளைத் திருப்பிக் கேளுங்கள்.

லீவில் போன இடத்தில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால்? வேறு வகை லீவின்போது வருட லீவை எடுக்கவைக்கக் கூடாது என்பது விதி. அன்றைக்கே தகவல் சொல்லி, மருத்துவச் சான்றும் வாங்கி வைத்தால் அந்த நாட்களை நோய் லீவாக மாற்றச் சொல்லிக் கேட்கலாம். அதேபோல் வேலையை விட்டு நோட்டீஸ் கொடுத்த காலத்தில் வருட லீவை ஓட்டவும் கூடாது, ஓட்டச் சொல்லவும் கூடாது.

லீவுச் சம்பளம், லீவு தொடங்கும் முன்பே கையில் வர வேண்டும். வழக்கமான சம்பள நாளில் வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டிருந்தால் அப்படி. சம்பளம் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கினால் கடைசி 13 வாரச் சராசரி. டிப்ஸ் அதில் சேராது.

படி 5: பொது விடுமுறை, சம்பளம், “டபுள்”

வருடத்துக்கு 12 நாள்: ஜனவரி 1, மார்ச் 21 மனித உரிமை தினம், புனித வெள்ளி, ஈஸ்டர் திங்களில் வரும் குடும்ப தினம், ஏப்ரல் 27 சுதந்திர தினம், மே 1, ஜூன் 16 இளைஞர் தினம், ஆகஸ்ட் 9 மகளிர் தினம், செப்டம்பர் 24 மரபு தினம், டிசம்பர் 16 நல்லிணக்க தினம், டிசம்பர் 25, டிசம்பர் 26 நல்லெண்ண தினம். இது போக ஜனாதிபதி எந்த நாளையும் அறிவிக்கலாம். ரக்பி உலகக் கோப்பை வென்றதற்கு 2023 டிசம்பர் 15-ம், தேர்தலுக்கு 2024 மே 29-ம் அப்படி வந்தவை.

விடுமுறை ஞாயிறன்று வந்தால் அடுத்த திங்களும் விடுமுறை. 2026 ஆகஸ்ட் 9 ஞாயிறு, ஆகவே 10 திங்கள் விடுமுறை. சனிக்கிழமை வந்தால் ஈடு கிடையாது. 2026 மார்ச் 21 சனி. திங்கள் முதல் வெள்ளி வரை வேலை செய்யும் ஆபீஸ்காரருக்கு அது போனது போனதுதான். சனிக்கிழமையும் வழக்கமாகக் கடை வேலைக்குப் போகும் டர்பன் சாட்ஸ்வொர்த் பெண்ணுக்கு அதே நாள் சம்பளத்துடன் விடுமுறை, வேலைக்குப் போனால் டபுள், அதாவது இரு மடங்குச் சம்பளம். எல்லாம் “அன்று நீங்கள் வழக்கமாக வேலை செய்வீர்களா” என்ற ஒரே கேள்வியில் நிற்கிறது.

வழக்கமான வேலை நாளில் விடுமுறை வந்து நீங்கள் வீட்டில் இருந்தால் அன்றைய சாதாரணச் சம்பளம். வேலைக்குப் போனால் குறைந்தது அதைப்போல் இரு மடங்கு. ஒரு நாள் சம்பளம் 400 ராண்ட் என்றால் 800. மூன்று மணி நேரம் மட்டும் கூப்பிட்டு அனுப்பிவிட்டாலும் அதே 800-தான், ஏனென்றால் சட்டம் பெருக்குவது நாள் சம்பளத்தை.

மாதச் சம்பளக்காரர்கள் இங்கேதான் குழம்புவார்கள். மாதச் சம்பளத்துக்குள் அந்த நாளுக்கான 400 ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே சீட்டில் தனி வரியாக இன்னொரு 400 வர வேண்டும். இன்னொரு 800 என்று எதிர்பார்க்காதீர்கள். அதே நேரம், தனி வரியே இல்லாமல் வெறும் மாதச் சம்பளம் மட்டும் வந்திருந்தால் உங்கள் விடுமுறையை இலவசமாகக் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வழக்கமாக வேலைக்குப் போகாத நாளில் விடுமுறை வந்து, அன்றைக்கு மட்டும் கூப்பிட்டால் கணக்கு வேறு: நாள் சம்பளமும் செய்த வேலைக்கான கூலியும். மணிக்கு 50 ராண்ட் வீதம் மூன்று மணி நேரம் செய்தால் 400-உடன் 150, மொத்தம் 550. பொது விடுமுறை விதிகளில் இந்த ஒன்று மட்டும், அரசு நிர்ணயிக்கும் வருமான உச்சவரம்புக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்குப் பொருந்தாது. 2025 ஏப்ரல் 1-ல் அந்த வரம்பு வருடத்துக்கு 2,61,748.45 ராண்டாக இருந்தது. அது அவ்வப்போது உயரும்.

இரவுப் பணிக்கு ஒரு நுணுக்கம். செப்டம்பர் 23 இரவு 10 மணிக்குத் தொடங்கி 24 காலை 6 மணிக்கு முடியும் ஷிப்டில் ஆறு மணி நேரம் விடுமுறை நாளில் விழுகிறது. அதிகப் பங்கு எந்த நாளிலோ முழு ஷிப்டும் அந்த நாளுடையது, எனவே எட்டு மணி நேரமும் விடுமுறை வேலை. மறுநாள் 24 இரவு 10 மணிக்குத் தொடங்கும் ஷிப்டில் விடுமுறையின் பங்கு இரண்டு மணி நேரம்தான். அது சாதாரண ஷிப்ட். மருத்துவமனை நர்ஸுகளும் காவல் பணியில் இருப்பவர்களும் தங்கள் சீட்டில் இந்த இரண்டு இரவுகளையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

விடுமுறையன்று வேலைக்கு வரச் சொல்ல முதலாளிக்கு உங்கள் ஒப்புதல் வேண்டும். ஆனால் அந்த ஒப்புதல் நீங்கள் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக இருக்கலாம். போய்ப் பாருங்கள்.

படி 6: தீபாவளிக்கும் காவடிக்கும் நாள் மாற்றிக்கொள்வது

இந்த வழிகாட்டியில் நம்மவர்களுக்கு மிகவும் உதவக்கூடியது இதுதான், ஆனால் மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள். பொது விடுமுறைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, எந்தப் பொது விடுமுறையையும் வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ள அனுமதிக்கிறது. தேவைப்படுவது முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொள்வது மட்டும். லீவில் ஒரு நாள்கூடக் குறையாமல் தீபாவளி உங்கள் பொது விடுமுறை ஆகிவிடும்.

மாற்றிவிட்டால் பழைய விடுமுறை உங்களுக்குச் சாதாரண வேலை நாள், அன்றைக்கு டபுள் கேட்க முடியாது. அதனால் எந்த நாளைக் கொடுப்பது என்று யோசித்துத் தேர்ந்தெடுங்கள். அன்றைக்கு வேலை இடம் திறந்திருக்க வேண்டும். கதவு பூட்டியிருக்கும் டிசம்பர் 25-ஐக் கொடுத்தால் யாரும் ஏற்க மாட்டார்கள். கடை, மால், மருத்துவமனை, கால் சென்டர்க்காரர்களுக்கு செப்டம்பர் 24-ம் ஆகஸ்ட் 9-ம் வசதி. கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்கள் ஜூன் 16-ல் வீட்டிலிருந்தே முடித்துத் தருகிறேன் என்று கேட்கலாம். புனித வெள்ளியை நான் கொடுக்க மாட்டேன். டர்பன் பக்கத்து இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் நாட்களில் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். கரும்புத் தோட்டத்து ஆட்களுக்கு அன்று கிடைத்த லீவு அது, அதனால்தான் திருவிழாவே அங்கே வந்து அமர்ந்தது என்பார்கள்.

செய்தி இப்படி இருக்கட்டும். ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், விஷயம் இதுதான்: “பொது விடுமுறைச் சட்டத்தின் 2(2) பிரிவின்படி, செப்டம்பர் 24-க்குப் பதிலாகத் தீபாவளி நாளை என் பொது விடுமுறையாக மாற்றிக்கொள்ள விரும்புகிறேன். செப்டம்பர் 24-ல் சாதாரணச் சம்பளத்துக்கு வழக்கமான நேரத்தில் வேலைக்கு வருவேன். ஒப்புதலை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.” கொடுக்கும் விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். தீபாவளித் தேதியை உங்கள் கோயிலிடம் உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். சில வருடம் தமிழர்களுக்கு ஒரு நாளும் மற்றவர்களுக்கு மறுநாளும் வரும், மேலாளர் இணையத்தில் தேடி வேறு தேதியைக் காட்டுவார்.

முதலாளி மறுக்கலாமா? மாற்றத்துக்கு உடன்பாடு தேவை என்பதால் மறுக்கலாம். ஆனால் மத நம்பிக்கைக்கு நியாயமான அளவு இடம் கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டு நீதிமன்றங்கள் பலமுறை சொன்ன விஷயம். டர்பன் பள்ளி மாணவி ஒருத்தியின் மூக்குத்தி வழக்கில் 2007-ல் அரசியலமைப்பு நீதிமன்றம், தென்னிந்திய இந்துக் குடும்பத்தின் வழக்கத்துக்குப் பள்ளி விலக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்றது. 2018-ல் தொழில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சனிக்கிழமை ஓய்வுநாளில் சரக்குக் கணக்கெடுப்புக்கு வராததற்காக ஒரு அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவப் பெண்ணை வேலையிலிருந்து எடுத்தது தவறு என்று சொல்லி 12 மாதச் சம்பளம் இழப்பீட்டை உறுதி செய்தது. இந்தத் தீர்ப்புகளை முதல் ஈமெயிலிலேயே போட்டு மிரட்டாதீர்கள். காரணமே சொல்லாமல் வருடா வருடம் மறுத்தால் அப்போது எடுத்துப் பேசலாம்.

படி 7: மற்ற லீவுகளை வருட லீவில் கரைக்காமல் பார்த்துக்கொள்வது

நோய் லீவு 36 மாதச் சுற்று. ஆறு வாரத்தில் எத்தனை நாள் வேலை செய்வீர்களோ அத்தனை நாள், அதாவது ஐந்து நாள் வாரத்துக்கு 30. முதல் ஆறு மாதத்தில் மட்டும் 26 நாள் வேலைக்கு ஒரு நாள். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போனாலோ, எட்டு வாரத்துக்குள் இரண்டு தடவைக்கு மேல் போனாலோ மருத்துவச் சான்று கேட்பார்கள்.

குடும்பப் பொறுப்பு லீவு வருடத்துக்கு மூன்று நாள். நான்கு மாதத்துக்கு மேல் வேலையில் இருந்து, வாரம் குறைந்தது நான்கு நாள் வேலை செய்பவருக்குக் கிடைக்கும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் எடுக்கலாம். கணவன் மனைவி, பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர் ஆகியோரின் சாவுக்கு எடுக்கலாம். பட்டியலைக் கவனியுங்கள்: மாமனார் மாமியார் இல்லை, பெரியப்பா சித்தப்பா இல்லை, தாய்மாமன் இல்லை. நம் குடும்பங்களில் இது வலிக்கிற இடம். அந்தச் சாவுகளுக்கு முதலாளியின் மனசைப் பொறுத்துத்தான், இல்லையென்றால் வருட லீவில் போகும்.

மூன்று நாளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. டர்பனில் தகனம் பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிந்துவிடும். இரண்டு நாளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் பதினாறாம் நாள் காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 8: வேலையை விடும்போது

வேலையில் இருக்கும் வரை, சட்டப்படியான லீவுக்குப் பதில் பணம் கொடுப்பது கூடாது. விட்டுப் போகும்போது மட்டும் பணமாகத்தான் தர வேண்டும். நீங்களாக விட்டாலும், அவர்களாக அனுப்பினாலும், திருட்டுக் குற்றம் சொல்லி அனுப்பினாலும் இது மாறாது.

ஒரு கணக்குப் போடுவோம். மாதச் சம்பளம் 13,000 ராண்ட், ஐந்து நாள் வேலை. 2025 மார்ச் 1-ல் சேர்ந்து 2026 ஜூலை 31-ல் விடுகிறார். முதல் சுற்றின் 15 நாளில் 9 எடுத்திருக்கிறார், மிச்சம் 6. இரண்டாம் சுற்று பாதியில் நிற்கிறது. நான்கு மாதத்துக்கு மேல் வேலையில் இருந்தவர் என்பதால் அதற்கும் உண்டு: சம்பளத்துக்கு உரிய ஒவ்வொரு 17 நாளுக்கும் ஒரு நாள். மார்ச் முதல் ஜூலை வரை விடுமுறைகளையும் சேர்த்து வார நாட்கள் 110. பதினேழால் வகுத்தால் 6.47. பல ஆபீஸ்களில் மாதத்துக்கு 1.25 என்று பெருக்கி 6.25 போடுவார்கள். சின்ன வித்தியாசம்தான், ஆனால் சட்டத்தின் கீழ்வரம்பு 17-இல் ஒன்று.

மாதச் சம்பளத்தை நான்கே மூன்றில் ஒன்றால் (ஒரு மாதத்தின் வாரக் கணக்கு, 4.333) வகுத்தால் வாரத்துக்கு 3,000, நாளுக்கு 600. ஆக 12.47 நாளுக்குச் சுமார் 7,482 ராண்ட். மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுத்து நாளுக்கு 433 என்று போட்டுக் கொடுத்திருந்தால் 2,000 ராண்டுக்கு மேல் குறையும். இந்த வகுத்தலை ஒரு தடவை நீங்களே செய்து பாருங்கள்.

ஆறு மாதக் கெடு தாண்டிய பழைய லீவு என்னாகும்? தொழில் நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் இதில் ஒரே திசையில் இல்லை. சட்டப்படியான லீவு அப்படித் தானாகப் பறிபோகாது, கம்பெனி கூடுதலாகத் தந்த லீவைத்தான் காலாவதி ஆக்கலாம் என்று ஒரு தீர்ப்பு உண்டு. வழக்கில் தொங்குவதைவிட, கெடுவுக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். அவர்கள் மறுத்த ஈமெயில் உங்கள் கையில் இருந்தால் பேச்சே வேறு.

படி 9: தரவில்லை என்றால்

முதலில் எச்.ஆர்.-க்கோ முதலாளிக்கோ கணக்கோடு ஒரு கடிதம். உரிமையைக் கேட்டதற்காகப் பழிவாங்கக் கூடாது என்று பி.சி.இ.ஏ. தெளிவாகச் சொல்கிறது. சரிவரவில்லை என்றால் அரசின் தொழிலாளர் துறையின் உள்ளூர் மையத்தில் புகார் கொடுக்கலாம், ஆய்வாளர் வருவார். இல்லையென்றால் சி.சி.எம்.ஏ. என்ற சமரச, நடுவர் ஆணையம். வருமான வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் வராத லீவுப் பணத்துக்கும் விடுமுறைச் சம்பளத்துக்கும் 2019-லிருந்து நேராக அங்கே போகலாம். 7.11 என்ற படிவத்தை நிரப்பி, ஒரு பிரதியை முதலாளிக்கு அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சி சேர்க்க வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. வரம்புக்கு மேல் இருப்பவர்களுக்குத் தொழில் நீதிமன்றமும் சிவில் நீதிமன்றங்களும்.

லீவுப் பணத்தோடு பணிநீக்கத்தையும் எதிர்ப்பதாக இருந்தால் அதற்கு 30 நாள்தான் கெடு. “கொஞ்சம் பொறு, பேசி முடிக்கலாம்” என்ற பேச்சில் அந்த 30 நாள் ஓடிவிடக் கூடாது.

எடுத்துப் போக வேண்டியவை: ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், லீவு பாரங்கள், ஈமெயில் வாட்ஸாப் பிரதிகள், நாட்களை எண்ணிய ஒரு தாள். பதிவேடுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை, எனவே “பழைய சீட்டு எங்களிடம் இல்லை” என்ற பதில் அவர்களுக்கே எதிராகத் திரும்பும்.

நீங்களே முதலாளியாக இருந்தால்

வாரம் ஒரு நாள் எட்டு மணி நேரம் உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா மாதத்துக்கு 32 மணி நேரம் செய்கிறார், அதனால் அவருக்கும் லீவு உண்டு. 17 மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் ஏறக்குறைய வருடத்துக்கு மூன்று நாள் சம்பளத்துடன். அவர் வருகிற கிழமையில் பொது விடுமுறை விழுந்தால் வீட்டில் இருந்தாலும் அன்றைய கூலி சேரும். வந்து வேலை செய்தால் இரு மடங்கு. கோயில் கமிட்டிகளும் இதைப் படிக்கட்டும். சம்பளத்துக்கு அழைத்து வந்த குருக்களும் சமையல்காரரும் தொழிலாளிகள்தான். திருவிழாக் காலத்தில் அவர்களுக்கு லீவு தர முடியாது என்பது புரிகிறது. அந்த மூன்று வாரத்தை எந்த மாதத்தில் தரப்போகிறீர்கள் என்பதை அவர்களின் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.